லேபிள் உரித்த நூற்றைம்பது பாட்டில்கள்

1

அத்தாவின் நினைவு நாள் ஒரு தேதியில் நிற்காது. பிறைக் கணக்கில் வருவதால் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முந்திக்கொண்டு வந்துவிடும். இங்கே ஜெர்மனியில் என் சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில் பல் டாக்டர் இருக்கிறார், நீச்சல் வகுப்பு இருக்கிறது, எந்த நிறக் குப்பைத் தொட்டியை எந்த நாளில் வாசலில் வைக்க வேண்டும் என்பதுகூட இருக்கிறது. பிறை மட்டும் இல்லை. சேலத்திலிருந்து ரபீக் அண்ணன் போன் செய்து, "இன்னிக்குத்தாம்மா அத்தாவுக்கு" என்று சொன்னால்தான் எனக்குத் தெரியும். அப்பனைப் பறிகொடுத்த நாளை அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்வதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. ஆனாலும் இத்தனை வருடத்தில் ஒரு பிறைக் காலண்டர் வாங்கி மாட்டியபாடில்லை.

இந்த வருடம் அந்த நாள் ஒரு சனிக்கிழமையாக வந்தது. போன் அடித்தபோது நான் சமையலறைத் தரையில், என் மகள் வகுப்புப் பிள்ளைகள் சேர்த்து வைத்திருந்த நூற்றைம்பது காலி பாட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் நான் செய்து வைத்த காரியத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருக்கும் நீங்கள் படித்தால், இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். இங்கே இருப்பவர்கள் படித்தால் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

2

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. என் கணவர் அன்வர் நாமக்கல்காரர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளின் சத்தத்தில் வளர்ந்தவர், இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் சத்தமே இல்லாத அறையில் வேலை பார்க்கிறார். எங்களுக்கு ஒரே மகள், நூரா. பதினோரு வயது.

வந்த புதிதில் இந்த மொழி என்னை அழவைத்தது. மேஜை ஆணாம், கதவு பெண்ணாம், சிறுமி மட்டும் ஆணும் இல்லை பெண்ணும் இல்லையாம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு காகிதம் வாங்கப் போனால், அந்தக் காகிதம் வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டிய இன்னொரு காகிதத்தின் பெயரைச் சொல்லி அனுப்புவார்கள். அதன் பெயர் ஒரு வரி நீளம் இருக்கும். அன்வர் எல்லாவற்றையும் துளை போட்டு வரிசையாக ஃபைலில் கோத்து வைத்தார். நான் அழுதுகொண்டே கோத்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கு யாரும் எதையும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அது குப்பை. காகிதம் ஒரு தொட்டி, பிளாஸ்டிக்கும் தகரமும் ஒரு தொட்டி, காய்கறித் தோல் ஒரு தொட்டி, எதிலும் சேராதது ஒரு தொட்டி. கண்ணாடி பாட்டில்களைத் தெருமுனையில் நிறம் பார்த்துப் போட வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் வரும். தயிர் டப்பாவின் ஈயத்தாள் மூடியை முழுசாகக் கிழித்துப் பிரித்துத்தான் போட வேண்டும் என்று தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நான் அந்தத் தாளைப் படிக்கும் முன்பே அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருநாள் என்னை நிறுத்தி, இந்தப் பன்னிரண்டு வீட்டில் ஒழுங்காகப் பிரித்துப் போடுவது நீங்கள் ஒருவர்தான், சுற்றுச்சூழல் மேல் இவ்வளவு அக்கறை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கே கற்றேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு மாடி ஏறிவிட்டேன்.

சூரமங்கலத்தில், ஜங்ஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில், அத்தா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். பேப்பர் என்பது பெயருக்குத்தான். இரும்பு, அலுமினியம், அட்டை, பால் கவர், பாட்டில் எல்லாம் வரும். ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகளில் வேண்டாம் என்று ஒதுக்கியதெல்லாம் அத்தாவின் மூன்று சக்கர வண்டியில் ஏறி எங்கள் கடைக்கு வந்து, பத்து வகையாகப் பிரிந்து, பத்து ஊருக்குப் போகும். பாட்டில் கட்டுவதற்கு ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் பழைய சாக்குகளை வாங்கி வைத்திருப்பார். அதில் ஒட்டியிருக்கும் மாவு எங்கள் பாவாடையெல்லாம் வெள்ளையாகப் படியும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் அண்ணனும் அங்கேதான் உட்கார்ந்து பிரிப்போம்.

பாட்டிலுக்கு அத்தா ஒரு வரிசை வைத்திருந்தார். மூடியைத் திருகு, கழுத்து வளையத்தை அறு, லேபிளை உரி, காலால் மிதி. மூடி ஒரு ஜாதி பிளாஸ்டிக், பாட்டில் வேறு, லேபிள் வேறு. மூன்றும் கலந்தால் எங்களிடம் சரக்கு எடுக்கும் வியாபாரி ரகத்தைக் குறைத்துவிடுவான். மிதிக்காமல் அனுப்பினால் அத்தாவுக்குப் பிடிக்காது. "காத்தைத் தூக்கிட்டுப் போறதுக்கு லாரி எதுக்குடா" என்பார். கடையில் பிரிக்கும் வேலை செய்த பாவாயி அக்கா மோகனூர்ப் பக்கத்தில் பிறந்து சூரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவர். பாட்டிலைத் தரையில் போட்டுச் சத்தத்தை வைத்தே என்ன பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவார். என் கை கொஞ்சம் அசந்தால், "சாமி, லேபிளோட போடாதீங்க, குளிக்காத புள்ளயாட்டம் இருக்குது" என்று திரும்ப என் பக்கமே உருட்டிவிடுவார்.

இங்கே அதற்கு நேர் எதிரான ஒரு ஏற்பாடு இருக்கிறது. தண்ணீரோ ஜூஸோ வாங்கும்போது பாட்டிலுக்கென்று தனியாக ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலைக் கொண்டுபோய்க் கடையில் இருக்கும் இயந்திரத்தின் வாயில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். இயந்திரம் பாட்டிலை உருட்டி, லேபிளில் இருக்கும் கோடுகளைப் படிக்கும். லேபிள் இல்லாவிட்டாலும் பாட்டில் நசுங்கியிருந்தாலும் வெளியே தள்ளிவிடும். படித்து முடித்த பாட்டிலை உள்ளே இழுத்து அதுவும் நசுக்கத்தான் செய்கிறது. அந்தச் சத்தம் நன்றாகவே கேட்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. பதினான்கு வருடமாக வாராவாரம் பாட்டில் கொண்டுபோய்ப் போடுகிறவள் நான்.

3

நூராவின் வகுப்பு கோடைக்கு முன்னால் கடலுக்குப் போவதாகத் திட்டம். போகும் செலவுக்கு யார் வீட்டிலும் கேட்கக் கூடாது, எல்லோரும் பாட்டில் சேர்த்தே போக வேண்டும் என்று பிள்ளைகளே ஒரு விதி போட்டுக்கொண்டார்கள். சில வீடுகளில் கேட்டால் கொடுக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் நிலவறை காலியாக இருந்ததால் சேர்த்து வைக்கும் பொறுப்பு நூராவுக்கு வந்தது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பெருமையாகச் சொன்னாள். ஒரு நோட்டில் எழுதி, பைகளில் கட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

நூராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு வரை டிராமில் ஏறியதும் "அம்மா, ஜன்னல் சீட்டு" என்று வண்டி முழுக்கக் கேட்கக் கத்துவாள். இப்போது வாசலைத் தாண்டினால் அவள் தமிழ் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும், அதுவும் மெதுவான குரலில். என்னைக் கூப்பிட வேண்டுமானால் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பாள். வெளியில் வைத்து அம்மா என்று சொல்லி எவ்வளவோ நாளாகிவிட்டது. நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் வந்து பாட்டில்களைக் கடைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. நீச்சலுக்குப் போகும்போது நூரா சாவியைக் கொடுத்து, பைகளை மேலே கொண்டுவந்து வைக்கச் சொன்னாள். கொண்டுவந்தபோது ஒரு பையிலிருந்து ஜூஸ் ஒழுகியது. மிச்சம் இருப்பதை ஊற்றிவிடலாம் என்று தரையில் உட்கார்ந்து ஒரு மூடியைத் திறந்தேன். அப்போதுதான் அண்ணன் போன் வந்தது.

அண்ணன் கடையிலிருந்து பேசினார். நெய்ச்சோறு ஆக்கி, அத்தா பேரில் பாத்திஹா ஓதி, கடையில் வேலை செய்பவர்களுக்கெல்லாம் இலை போட்டாயிற்று என்றார். பாவாயி அக்கா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தேன். அண்ணன் அத்தாவின் கடைசி நாட்களைப் பேச ஆரம்பித்தார். அவர் குரலுக்குப் பின்னால் கடையில் யாரோ பாட்டில் மிதிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தா போனபோது நான் டிக்கெட் கிடைக்காமல் இரண்டு நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தேன். அதைப் பேசும்போதெல்லாம் எனக்கு அடக்க முடியாது. அழுதேன். அண்ணனும் அழுதார். அத்தா எங்களை ஏமாற்றி மாத்திரையைத் தொட்டிச் செடியில் போட்ட கதையைச் சொல்லிச் சிரித்தோம், திரும்பவும் அழுதோம்.

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைக்கப் போனபோதுதான் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் லேபிள் பசை. எனக்கு இடப்பக்கம் மூடிகள் ஒரு பை நிறைய. வலப்பக்கம் உரித்த லேபிள்கள். எதிரே நூற்றைம்பது பாட்டில்களும் மிதித்துத் தட்டையாகி, பச்சை தனி, வெள்ளை தனியாக அடுக்கியிருந்தன. வளையத்தைக்கூட விடாமல் காய்கறிக் கத்தியால் அறுத்திருந்தேன்.

4

நூரா ஈரத் தலையோடு வந்தாள். அடுக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து ஒரு பாட்டிலை எடுத்து, ஊதிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரப் பார்த்தாள். அது வரவில்லை.

நாலு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். எல்லோருமாகக் கடைக்குப் போனோம். இயந்திரம் எதையும் வாங்கவில்லை. கடையில் இருந்த பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். லேபிள்களைக் காட்டினேன், இதோ எல்லாம் இருக்கிறது என்றேன். பாட்டிலும் லேபிளும் சேர்ந்து இருந்தால்தான் அது பாட்டில், இப்போது இது வெறும் பிளாஸ்டிக் என்றார். என் பதற்றத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் போட வேண்டிய சொற்களையெல்லாம் மாற்றிப் போட்டுப் பேசினேன். பிள்ளைகளில் ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். நூரா தரையைப் பார்த்தாள்.

அன்வர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பசை போட்டு ஒட்டிப் பார்க்கலாமே என்றார். அது ஏமாற்று வேலை என்று நூரா அவர் வாயை அடைத்தாள். அந்தத் தொகையை நானே கொடுத்துவிடுகிறேன் என்றேன். "அது உன் காசு. யார் வீட்டுக் காசும் வேண்டாம்னுதான் பாட்டில் சேர்த்தோம்" என்றாள். அவளைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் முன்னால் திங்கட்கிழமை போய் நிற்க வேண்டும். அவளுக்கு அதுதான் பெரிய கவலை. எனக்கு வேறொரு கவலை இருந்தது. இதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால், நான் யார் மகள் என்று சொல்ல வேண்டும்.

அவளிடமே நான் சொன்னதில்லை. போன வருடம் பள்ளிக்கூடத்தில் தாத்தா பாட்டி என்ன வேலை பார்த்தார்கள் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் நான் 'மூலப்பொருள் வணிகர்' என்று நிரப்பினேன். ஜெர்மனில் அது கம்பீரமான சொல். பொய்யும் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் வீட்டில்தான் தங்குவோம், கடைப் பக்கம் அவளைக் கூட்டிப் போகாமல் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன். தாத்தாவுக்குக் கப்பலில் சரக்கு ஏற்றும் கம்பெனி இருந்தது என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை.

5

எனக்கு இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் பெயர் ஜரினா இல்லை, பேரீச்சம்பழம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார்கள் இல்லையா, அதிலிருந்து வந்த பெயர். வருடத்தில் முப்பது நாள் நோன்பு திறக்கும்போது முதலில் கையில் எடுப்பதும் பேரீச்சம்பழம்தான். அந்த நேரத்தில்கூட அந்தச் சிரிப்பு காதில் கேட்கும். ஒருத்தி, தன் பழைய செருப்பு எங்கள் வீட்டில்தான் இருக்கும், வேண்டுமானால் போட்டுக்கொள் என்றாள். அவளை அடிக்கப் போனேன், என்னைத்தான் வெளியில் நிற்க வைத்தார்கள்.

எட்டாம் வகுப்பு படித்தபோது, பழைய பரீட்சைத் தாள்களை எடுக்க அத்தாவைப் பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். மதிய இடைவேளை. நான் குழாயடியில் தோழிகளோடு நின்றிருந்தேன். அத்தா வண்டியை மிதித்துக்கொண்டு கேட்டுக்குள் வந்தார். தோளில் துண்டு, சட்டையெல்லாம் வெள்ளை மாவு. எனக்கும் அவருக்கும் பத்தடி தூரம் இருக்கும். அவர் முகம் மலர்ந்தது. நான் குழாயிலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்தேன். குடிக்கவும் இல்லை, கை கழுவவும் இல்லை, வெறுமனே அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தா உடனே வண்டியை விட்டு இறங்கி, அதை அப்படியே திருப்பி வெளியே தள்ளிக்கொண்டு போனார். கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்பக்க கேட் வழியாக வந்து தாள்களை ஏற்றிக்கொண்டு, அந்த வழியாகவே பாரத்தோடு போய்விட்டார். சாயங்காலம் வீட்டில் எப்போதும்போல, "சாப்டியா பாப்பா" என்றார். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பாவாயி அக்காவின் வீட்டுக்காரர்தான் வந்தார்.

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எத்தனையோ வருடம் கையில் இருந்தது. ஒவ்வொரு தரம் ஊருக்குப் போகும்போதும் நினைப்பேன், அவர் பேச்சை வேறு பக்கம் கொண்டுபோய்விடுவார். இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்த பிறகு எதைக் கேட்பது.

6

சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பாட்டில் அடுக்கைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். திட்டு வாங்க வேண்டும்போல இருந்தது. அண்ணன் உடனே கூப்பிட்டார். நடந்தது எதுவும் தெரியாததால் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேசினார்.

"யாரும்மா பிரிச்சது? அத்தா கையாட்டவே இருக்குது."

அண்ணன், வளையம்கூட எடுத்திருக்கிறதே, இப்போது யார் இவ்வளவு பார்க்கிறார்கள், இந்த மாதிரிச் சரக்கு வந்தால் முதல் ரகத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டே போனார். நூரா அடுத்த அறையிலிருந்து வந்து கதவருகில் நின்றாள். "மாமா எதுக்கு நல்லா இருக்குன்னு சொல்றார்?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயெடுப்பதற்குள் போனை வாங்கி அண்ணனிடமே கேட்டாள். அவர் என் வெட்கத்தைப் பற்றி எதுவும் அறியாதவர். கடையைத் திறந்து காட்டுகிற மாதிரி, போனைத் திருப்பி எல்லாவற்றையும் காட்டினார். பேப்பர் கட்டுகள், தகரம், ஆத்தூர்ச் சாக்குகள், தராசு. இந்தா, உங்க தாத்தா உட்கார்ற இடம் என்று ஒரு பலகையைக் காட்டினார்.

நூரா போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் வகுப்புக்கு ஒரு கடிதம் எழுதினேன். கவனக்குறைவால் இது நேர்ந்துவிட்டது, வருந்துகிறேன் என்று நல்ல இலக்கணத்தோடு. அன்வர் இரண்டு தரம் திருத்திக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நூரா அதைப் படித்துவிட்டு மேஜை மேல் வைத்தாள்.

"இது உண்மை இல்லை. நீ கவனமில்லாம செய்யலை. ரொம்ப அழகா செஞ்சிருக்கே."

கடிதத்தைக் கிழித்தேன். கிழித்ததைக் காகிதத் தொட்டியில்தான் போட்டேன்.

7

திங்கட்கிழமை வகுப்பில் போய் நின்றேன். ஆசிரியை பத்து நிமிடம் கொடுத்திருந்தார். நான் எழுதி எடுத்துப் போகவில்லை. என் தகப்பனார் மற்றவர்கள் வேண்டாம் என்று போட்டதை வாங்கிப் பிரித்து விற்றவர், படிவத்தில் நான் எழுதியது பெரிய பெயர், உண்மையில் அது பழைய பேப்பர் கடை என்றேன். ஐந்து வயதிலிருந்து நான் அங்கே பாட்டில் பிரித்தேன், அவர் நினைவு நாளில் என் கை பழைய வேலையைத் தானாகச் செய்துவிட்டது என்றேன். எத்தனை சொற்களை ஆண் பெண் மாற்றிப் போட்டேனோ தெரியாது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பிள்ளைகள் நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கி, சரி, இப்போது நாங்கள் கடலுக்குப் போவோமா மாட்டோமா என்று கேட்டான். நல்ல கேள்வி. அவர்களே கூடிப் பேசினார்கள். என் காசு வேண்டாம் என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள். கடைசியில் ஓட்டுப் போட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். எத்தனை பாட்டிலைக் கெடுத்தாரோ அத்தனை பாட்டிலை அவரே சேர்த்துக் கொண்டுவர வேண்டும். நூராவும் கையைத் தூக்கியிருந்தாள். அவள் எந்தப் பக்கம் தூக்கினாள் என்று நான் கேட்கவில்லை.

8

இங்கே பூங்காவில் பை தூக்கிக்கொண்டு பாட்டில் சேர்ப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் வயதானவர்கள், ஓய்வூதியம் போதாதவர்கள். அவர்களுக்காகவே சிலர் காலி பாட்டிலைத் தொட்டிக்கு வெளியில் வைத்துவிட்டுப் போவார்கள். கையில் பையோடு ஒருவரைப் பார்த்தால் மற்றவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அது மரியாதையா, வேறு ஏதாவதா என்று இத்தனை வருடத்தில் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. நான் தனியாகத்தான் கிளம்பினேன். நூரா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வரச் சொல்லவில்லையே என்றேன், பொறுப்பு என்னோடதுதானே என்றாள், ஜெர்மனில்.

தொட்டியோரம் இருப்பதை எடுக்கப் போனவளைத் தடுத்தேன். சேலத்தில் ஒரு வண்டிக்காரர் போகும் தெருவில் இன்னொரு வண்டிக்காரர் நுழைய மாட்டார், தொட்டியோரம் இருப்பது இங்கே வேறொருவர் தெரு, நாம் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்டு வாங்கலாம் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். தாத்தா அப்படித்தான் செய்வாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவரைப் பற்றி அவளாக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தரம்.

புல்லில் விரிப்புப் போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் போய்ப் போய்க் கேட்டோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஐம்பதைத் தாண்டியிருப்போம். அப்போது ஆற்றோரப் பாதையில் சைக்கிளில் மூன்று பெண்கள் வந்தார்கள். நீச்சல் வகுப்பில் நூராவுக்கு மேலே இருப்பவர்கள், அவள் யாரைப்போல முடி வெட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாளோ அவர்கள். வேறு பள்ளி. நடந்த எதுவும் தெரியாதவர்கள். நூராவைப் பார்த்து சைக்கிளை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கும் அவளுக்கும் ஒரு முப்பதடி தூரம். என் இரண்டு கையிலும் பாட்டில் பை, முழங்காலில் புல்லும் மண்ணும். நான் எதையும் யோசிக்கவில்லை. பையை அப்படியே மறுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெரிய மரத்துக்குப் பின்னால் நடந்தேன். சத்தம் வராமல் இருக்க பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டேன். அங்கே போய் நின்ற பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. அத்தா அன்றைக்குக் கோபத்தில் வண்டியைத் திருப்பவில்லை. இத்தனை வருடம் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். கோபம் வரும் அளவுக்கு அவருக்கு நேரமே இருந்திருக்காது. பிள்ளைக்குக் கஷ்டம் என்றதும் கை தானாகத் திருப்பியிருக்கும்.

"அம்மா."

பூங்கா முழுக்கக் கேட்கும் குரல். விரிப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, எங்க போறே? இங்க இன்னும் நாலு இருக்கு."

அந்த மூன்று பெண்களும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். நூரா அவர்களுக்கு நடுவே நின்று கையை உயர்த்தி என்னைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது, கை மட்டும் இறங்கவில்லை.

அன்றைக்குக் குழாயடியிலிருந்து பத்தடிதான். அத்தா என்று ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் அவர் முன்பக்க கேட் வழியாகவே வந்திருப்பார். நான் பையை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தேன்.